மூன்றாவது மடிப்பு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, அது கொதிப்பதற்குள் ஒரு வண்டின் இறக்கையை விரித்து முடிக்கிற பெண் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். அந்த இறக்கைகளை வைத்து ஒருவர் டாக்டர் பட்டம் வாங்கினார். அவர் என் வீட்டுக்காரர்.

முதலில் அந்த இறக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் விளங்காது. தும்பி இறக்கையை மடிப்பதே இல்லை; உட்கார்ந்தாலும் விரித்தபடிதான். கரப்பான் தன் பின்னிறக்கையை விசிறி போல மடித்து வைத்துக்கொள்ளும். தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் வேலை இன்னும் நுணுக்கமானது. அதன் முதுகில் கறுப்பாகப் பளபளக்கும் ஓடுகூட இறக்கைதான், ஆனால் அது வெறும் மூடி. பறக்கிற இறக்கை அதற்கடியில் இருக்கிறது, மூடியைவிட நீளமாக. நீளமானதைக் குட்டையான மூடிக்குள் அடக்க வேண்டுமே! அதற்காக நடுவில் குறுக்கே ஒரு பெரிய மடிப்பு, பின்னோரத்தில் நெடுக ஒரு மடிப்பு. இறக்கைக்கு விறைப்பைக் கொடுப்பவை நரம்புகள். உள்ளீடற்ற, டீ நிறத்துக் குழாய்கள். மடிப்புக்கோடு ஒரு நரம்பைக் கடக்கும் இடத்தில் அந்த நரம்பு மெலிந்து, வெளுத்து, வளைந்து கொடுக்கும். அப்படிக் கொடுத்தால்தான் அது மடிப்பு. நரம்பு தடியாகவே இருக்க, அதன் மேல் ஒரு கோடு ஓடினால் அது சேதம். இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

2004-ல் சிதம்பரத்தில் எம்.ஃபில். சேர்ந்தேன். கடலூரிலிருந்து தினமும் பஸ். அதே ஆய்வகத்தில் எனக்கு நான்கு வருஷம் மூத்தவராக அவர் இருந்தார், பிஎச்.டி. பதிவு செய்துவிட்டு. அம்மா வழியில் தூரத்து உறவு, எனக்கு மாமா முறை. நல்ல பேச்சுக்காரர். ஆனால் இடுக்கியைக் கையில் எடுத்தால் விரல் நடுங்கும். இறக்கையை விரிக்கிறேன் பேர்வழி என்று நாலில் மூன்றைக் கிழித்துவிடுவார். ஒருநாள் கிழிந்ததைக் குப்பையில் போட்டுவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"இந்தா, உன் கை மட்டும் எப்படி ஆடாம நிக்குது?"

"பூச்சி மேல கோவம் இல்லாம தொட்டா ஆடாது மாமா."

சிரித்தார். நானும் சிரித்தேன். அங்கேதான் விழுந்தேன், சந்தேகமே இல்லை.

எங்கள் துறையில் ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. ஒருவர் தன் கையால் இறக்கையை விரித்து, தன் கண்ணால் பார்த்து வரைந்த படத்துக்குக் கீழே மட்டும்தான் 'ஒரிஜினல்' என்று போடலாம். இன்னொருவர் படத்தைப் பார்த்து வரைந்தால் அவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும். முதல் வாரத்திலேயே எங்கள் ரெக்கார்டு நோட்டில் இதை எழுத வைப்பார்கள். பொய்யாக ஒரிஜினல் போட்டு மாட்டிக்கொண்டவனை வருஷக்கணக்கில் பேசுவார்கள். என் பெயருக்கு மேல் அந்தச் சொல் அச்சில் வர வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே ஆசை. வேறு ஆசையெல்லாம் பிறகுதான் வந்தது.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனாம்பட்டினத்து மணலில் வலையோடு திரிந்தவள் நான். என் மாதிரிகளில் பாதி அங்கே பிடித்தவை. அதற்குப் பிறகு அந்த ஜனங்களுக்கு முன்னால் பூச்சி பிடிக்கிற வலையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க எனக்குக் கால் எழவில்லை. ஒரு பருவம் முழுக்கப் போயிற்று, ஆய்வு பின்தங்கியது. அதற்குள் எங்கள் கல்யாணப் பேச்சு முற்றிவிட்டது. 2006-ல் கல்யாணம். எம்.ஃபில். அப்படியே நின்றது.

"முடிக்கலன்னா என்னா போச்சு? என் தீசிஸ்ல பாதி உன்னுதுடி" என்றார் அவர். அப்போது அவருக்கு ஒரு தனியார் கல்லூரியில் வேலை, பிஎச்.டி. பகுதி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. "படம் எல்லாத்தையும் நீ வரை. ஒவ்வொண்ணுக்கும் கீழ உன் பேரத்தான் போடுவேன். என்னை நம்ப மாட்டியா?"

நம்பினேன். முட்டாள்தனம் என்று இப்போது சொல்வது சுலபம். தாலி கட்டியவர், பூச்சியைப் பற்றி என்னோடு பேசக்கூடிய ஒரே மனுஷர், அவரை நம்பாமல் எதிர்வீட்டுக்காரரையா நம்புவது?

துறையில் கழித்துப்போட்ட ஒரு பழைய மைக்ராஸ்கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு கண்ணாடி பொருத்திய கருவி அதோடு இருந்தது; அதன் வழியாகப் பார்த்தால் இறக்கையும் நம் கையிலுள்ள பென்சிலும் ஒன்றாகத் தெரியும், கோட்டின் மேல் கோடு போட்டுக்கொண்டே போகலாம். சமையல்கட்டு ஜன்னலோரம் மேஜை. வண்டுகள் மேல்பட்டாம்பாக்கத்தில் என் அப்பா வீட்டுத் தென்னந்தோப்பிலிருந்து வரும். மரமேறி கொக்கியால் குருத்திலிருந்து குத்தி எடுத்த வண்டு உதவாது, உயிரோடு எருக்குழியில் பொறுக்கியதுதான் வேண்டும் என்று அப்பாவிடம் சண்டை போடுவேன். "கல்யாணம் கட்டிக் குடுத்த பொண்ணு நகை கேக்கும், இது வண்டு கேக்குது" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்.

காய்ந்த வண்டு என்றால் முதலில் ஈர மணல் போட்ட டப்பாவில் இரண்டு நாள் வைத்து மெத்தென்று ஆக்க வேண்டும். பிறகு ஓட்டைத் தூக்கி, முன்னோர நரம்பை மெல்ல இழுத்தால், உள்ளே மடிந்திருந்த நுனி தானாகத் திறந்துகொள்ளும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் "அடேயப்பா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். என் மகள் தொட்டிலில் இருந்தபடி திரும்பிப் பார்ப்பாள்.

ஐந்து வருஷத்தில் நாற்பது படங்களுக்கு மேல் வரைந்தேன். கும்பிடுபூச்சி, வெட்டுக்கிளி, கரப்பான், வண்டு. மாலையில் அவர் வந்ததும் காட்டுவேன். "ஒவ்வொண்ணையும் உத்துப் பாத்தேன். அற்புதம்" என்பார், சட்டையைக் கழற்றிக்கொண்டே. நான் அதைக் கேட்டுப் பூரித்துப்போவேன்.

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும். விரித்த இறக்கை காயும்போது சுருண்டுகொள்ளும். அதற்காகக் கண்ணாடித் துண்டில் இறக்கையைப் பரப்பி, மேலே மை ஒற்றும் தாளை வைத்து, அதன்மேல் ஏதாவது கனம் வைப்போம். ஆய்வகத்தில் அதற்கென்று தட்டையான ஈயக்கட்டிகள் இருந்தன. வீட்டில் என்ன இருக்கும்? குக்கர் வெயிட்தான். சோறு வெந்ததும் எடுத்துக் கழுவி இறக்கைமேல் வைப்பேன்; மறுவேளை சமையலுக்குத் திரும்பக் குக்கருக்குப் போகும். 2010-ல் ஒரு பெரிய ஆண் வண்டின் இடது இறக்கையை அப்படித்தான் காயவைத்தேன். வரையும்போது இறக்கையின் நடுப்பகுதியில் வளைவாக ஒரு கோடு தெரிந்தது. ஆஹா, மூன்றாவது மடிப்பு! கை பரபரக்க வரைந்து, மையும் தீட்டிவிட்டேன். என் படங்களிலேயே அழகானது அது.

மறுநாள் அதே வண்டின் வலது இறக்கையைத் திறந்தேன். அந்த வளைவு இல்லை. வேறு வண்டுகளைத் திறந்தேன், ஒன்றிலும் இல்லை. திரும்ப இடது இறக்கைக்கே வந்து, கோடு தடித்த நரம்பைக் கடக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நரம்பு மெலியவில்லை, வெளுக்கவில்லை. விரிசல் விட்டிருந்தது. வெயிட்டின் அடிவிளிம்பு வட்டமானது. அது தாளையும் மீறி அழுத்திய தழும்பைத்தான் நான் மடிப்பு என்று வரைந்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரிடமும் சொல்லவில்லை. வலது இறக்கையை வைத்துப் புதிதாக ஒரு படம் வரைந்து ஃபைலில் சேர்த்தேன். பழையதைக் கிழிக்க மனசு வராமல், அதன் கீழ் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: "மாமா, இந்தப் படம் வேண்டாம். வளைவுக் கோடு தப்பு. அடுத்த படம்தான் சரி."

2011 டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அப்பா தோப்பில் பாதித் தென்னை போயிற்று. எங்கள் வீட்டு ஓடு பறந்து, சமையல்கட்டில் தண்ணீர் கொட்டியது. நான் முதலில் தூக்கியது படங்களின் ஃபைலையும் கண்ணாடித் துண்டுகளின் பெட்டியையும்தான். மாமியார் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். புயலடித்து இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர் ஃபைலைக் கையில் எடுத்தார்.

"இங்க ஈரம் ஜாஸ்தி. நான் சிதம்பரத்துல டிபார்ட்மென்ட்ல பத்திரமா வெச்சிடறேன்."

"பத்திரம் மாமா. இதுக்கு நகல் கிடையாது."

"எனக்குத் தெரியாதா?"

கொடுத்தேன். அதற்குப்பின் அந்த ஃபைலை நான் பார்க்கவில்லை. கரண்டு இல்லை, குடிதண்ணீருக்கு வரிசை, ஓடு மாற்றும் வேலை. பங்குனியில் ஒருநாள் வந்து "தீசிஸ் குடுத்துட்டேன்" என்றார். ஒரு பிரதி கொண்டுவந்து காட்டுங்கள் என்றேன். பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றார். அப்புறம் கைடு வைத்திருக்கிறார் என்றார். ஏழெட்டு மாசமாக ஒரு புத்தகம் பைண்டிங்கிலேயே இருக்குமா? எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அந்த வருஷக் கடைசியில் வைவா. அதாவது, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்பார். பதில் திருப்தி என்றால் அங்கேயே டாக்டர் என்று அறிவிப்பார்கள். எங்கள் பக்கத்தில் அது பாதிக் கல்யாணம். பட்டுப்புடவை, போட்டோக்காரர், பொன்னாடை, வந்தவர்களுக்குக் கேசரி, வடை, காபி. மாமியார் காலையிலேயே தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு தயாராகிவிட்டார். நானும் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டேன். படத்துக்குக் கீழே என் பெயரைப் பார்க்கப்போகிறேன் அல்லவா!

அரங்கத்து வாசலில் ஒரு மேஜை. வருகிறவர்கள் புரட்டிப் பார்ப்பதற்காகத் தீசிஸின் ஒரு பிரதி அதில் இருந்தது. நின்றபடியே புரட்டினேன். முதல் படம், கும்பிடுபூச்சி. என் கோடு. கீழே 'ஒரிஜினல்'. பெயர் இல்லை. பெயர் இல்லாத ஒரிஜினல் என்றால் ஆய்வாளரே வரைந்தது என்று பொருள். இரண்டாவது படம், அப்படியே. பத்தாவது, இருபதாவது, எல்லாம் அப்படியே. முன்பக்கங்களுக்குப் போய் நன்றியுரையைத் தேடினேன். கைடு, துறைத்தலைவர், நண்பர்கள், டைப் அடித்தவர், எல்லோருக்கும் பெயரோடு நன்றி. கடைசி வரியில் 'என் மனைவியின் பொறுமைக்கும்' என்று இருந்தது. பொறுமையாம்! அடப்பாவி மனுஷா, பொறுமையா உனக்கு நாற்பது இறக்கை வரைந்தது?

பிறகு அந்தப் பக்கம் வந்தது. காண்டாமிருக வண்டு, இடது பின்னிறக்கை. வளைவுக் கோட்டுக்கு ஒரு அம்புக்குறி போட்டு 'மூன்றாவது மடிப்பு, முதன்முறையாக' என்று எழுதியிருந்தது. நான் வேண்டாம் என்ற படம். பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். படத்தின் கீழ் விளிம்பில் சின்னச்சின்னதாகப் பென்சில் சுழிகள். என் எழுத்தின் மேல் பாதி. கீழ்ப்பாதியை வெட்டியிருந்தார்கள். தெரியாதவர் யாரும் அதைத் தூசு என்றுதான் நினைப்பார்கள்.

"உள்ள வாம்மா, ஆரம்பிக்கப்போறாங்க" என்று மாமியார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். போனேன்.

அவர் கோட்டு போட்டுக்கொண்டு நன்றாகவே பேசினார். திரையில் என் இறக்கைகள் ஒவ்வொன்றாக, சுவர் அளவுக்குப் பெரிதாக வந்தன. தேர்வாளர் வயதானவர், மெலிந்த குரல். மூன்றாவது மடிப்பு வந்ததும் நிறுத்தச் சொன்னார். இதை எத்தனை வண்டுகளில் பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"பார்த்த எல்லாவற்றிலும் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"படங்கள் பிரமாதம். யார் வரைந்தது?"

"நான்தான் சார்."

மூச்சுக்கூட விடாமல் சொன்னார். மாமியார் என் தொடையில் தட்டி, "பாத்தியா என் புள்ளைய?" என்றார். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. அழுகை வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

கடைசியில், வழக்கப்படி, பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார்கள். இது வெறும் சம்பிரதாயம். யாரும் கேட்பதில்லை, கேசரி ஆறிவிடும். நான் எழுந்தேன். மாமியார் முந்தானையைப் பிடித்து இழுத்தார். போட்டோக்காரர் என் பக்கம் திரும்பினார். மேடையில் என் வீட்டுக்காரர் முகம் வெளிறிப்போனதை அத்தனை தூரத்திலிருந்தும் பார்த்தேன்.

"சார்" என்று தொடங்கினேன். என் புருஷனை சார் என்று அழைத்தது வாழ்க்கையில் அந்த ஒருதரம்தான். "அந்த வளைவுக் கோடு தடித்த நரம்பைக் கடக்கிற இடத்தில், நரம்பு மெலிகிறதா, விரிசல் விடுகிறதா?"

அவர் என்னையே பார்த்தார். அந்தக் கேள்வியின் அர்த்தம் அவருக்குத் தெரியும், அவருடைய துறை அது. ஒரே ஒரு வார்த்தை போதும். "இதைப் படம் வரைந்த என் மனைவியே சொல்லட்டும்" என்றிருந்தால், சத்தியமாக, மேடையேறி அவரைக் காப்பாற்றியிருப்பேன். தப்பு என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருப்பேன்.

"மெலிகிறது மேடம்" என்றார். "நல்ல கேள்வி. நன்றி."

மேடம்! ஆறு வருஷம் அவருக்குச் சோறு போட்டவள், அவர் பிள்ளையைப் பெற்றவள், அந்த அரங்கத்தில் யாரோ ஒரு மேடம். உட்கார்ந்துவிட்டேன். தேர்வாளர் தலையாட்டினார். டாக்டர் என்று அறிவித்தார்கள், கைதட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கும் ஒரு தட்டில் கேசரி வந்தது. தின்றேன். வேறென்ன செய்வது?

மறுநாள் காலை அவர் கூடத்தில் உட்கார்ந்து வாழ்த்து போன்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். போன் ஓய்ந்ததும் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"கீழ நான் எழுதியிருந்தத பாத்தீங்களா, இல்லியா?"

போனைக் கவிழ்த்து வைத்தார். "பாத்தேன்."

"பாத்துட்டுதான் வெட்டுனீங்களா?"

"கத்தாத. புதுசா ஒண்ணு இல்லன்னா தீசிஸ் நிக்காதுன்னாரு கைடு. உன் படத்துல புதுசா ஒண்ணு இருந்துது. நீ அவசரப்பட்டு தப்புன்னு எழுதிட்டியோன்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கலாமே என்னை?"

"கேட்டா நீ வேணாம்னுதான சொல்லுவ?"

"சரியா வரைஞ்ச படம் எங்க?"

"ரெண்டும் இருந்தா கொழப்பம். ஸ்கேன் கடையிலயே கிழிச்சிப் போடச் சொன்னேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பெயர் போனதற்கு வராத அழுகை, மேடம் என்றதற்கு வராத அழுகை. பொய்யான படத்தை அட்டை போட்டு நூலகத்தில் வைத்துவிட்டு, உண்மையான படத்தைக் கிழிக்கச் சொல்லியிருக்கிறார், அதுவும் யாரோ ஒரு கடைப் பையனிடம்! முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். பெட்டியிலிருந்து அந்த இடது இறக்கையின் கண்ணாடித் துண்டை எடுத்தேன். அடுப்பு மேடையிலிருந்து குக்கர் வெயிட்டை எடுத்தேன். இரண்டையும் கொண்டுவந்து அவர் எதிரில் வைத்து, வெயிட்டை இறக்கைமேல் நிறுத்தினேன். விளிம்பு அந்த வளைவில் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

"இதுதான் உங்க மூணாவது மடிப்பு. என் பொறுமைக்கு நன்றி எழுதின கையோட இந்தக் குக்கருக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம்."

குனிந்து பார்த்தார். வெயிட்டை எடுத்துவிட்டுப் பார்த்தார், மறுபடி வைத்துப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் என் இறக்கை ஒன்றை அவர் நிஜமாகவே உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"யாருகிட்டயும் சொல்லிடாதடி" என்றார்.

சரி என்று நான் சொல்லவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் மேல்பட்டாம்பாக்கம் போனேன். புயலுக்குத் தப்பிய தென்னைகளுக்குக் கீழே, அப்பாவின் எருக்குழியில், ஒரு வண்டு கிடைத்தது. மைக்ராஸ்கோப் இல்லை, அப்பாவின் பூதக்கண்ணாடிதான். கனத்துக்கு ஒரு தட்டையான ஓட்டுத் துண்டு. மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். கீழே ஒரிஜினல் என்று எழுதி, அதற்கும் கீழே என் பெயரை எழுதினேன். பிறகு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நரம்பு வெளுத்த இடங்களை மறுபடியும் சரிபார்த்தேன். மடிப்புகள் இரண்டுதான்.